வரைபடச் சேவை நின்றாலும் லைன் வண்டி கிளம்ப வேண்டும்

ஒரு மளிகை மொத்த விற்பனை குடோனுக்கு நான் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை எக்செல் ஷீட் கொடுத்த டிரிப், வழக்கமான கிலோமீட்டரில் பாதியிலேயே முடிந்திருந்தது. டீசல் மிச்சம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். டிரைவர் மட்டும் தாளை வாங்கி ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, ரெண்டாவது கடை பைபாஸ்ல இருக்கு. மூணாவது மார்க்கெட்டுக்குள்ள. நாலாவதுக்கு மறுபடி பைபாஸ் போகச் சொல்லுது. இது சரியா வருமாண்ணே?"

சரியாக வரவில்லை. தூரப் பட்டியலைத் திறந்தபோது நிறைய செல்களில் பூஜ்யம் நின்றது. தூரம் கொடுத்துக்கொண்டிருந்த இணைய வரைபடச் சேவை முந்தின நாள் இரவே பதில் தருவதை நிறுத்தியிருந்தது. பதில் வராத செல்லில் பிழைச் செய்தி தெரிந்தால் ஷீட் அசிங்கமாக இருக்கும் என்று ஃபார்முலாவைச் சுற்றி 'இஃப்எரர்' போட்டு, பிழை வந்தால் பூஜ்யம் காட்டும்படி எழுதியிருந்தேன். பூஜ்ய தூரத்தில் இருக்கும் கடைகளை அடுத்தடுத்து வைப்பதுதானே லாபம்? கணக்கு தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது. அன்று லோடை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

இந்த அத்தியாயம் அந்தக் காலைப் பொழுதை நீங்கள் பார்க்காமல் இருப்பதற்காக. சேவை நின்றால் ஷீட்டும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பல நேரம் அது நிற்காமல் பொய்க் கணக்கு போட்டுக்கொண்டே இருக்கும்.

எது நிற்கிறது?

இணைய வரைபடச் சேவைகள் மூடப்படுவது புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் தன் 'மேப்பாயின்ட்' மென்பொருளின் விற்பனையை 2014 இறுதியோடு நிறுத்தியது. அது கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். அதனால் வாங்கியவர்களிடம் மேலும் சில காலம் ஓடியது, உள்ளே இருந்த சாலைகள்தான் பழசாகிக்கொண்டே போயின. 'மேப்சன்' என்ற சேவை 2018 ஜனவரி தொடக்கத்தில் அறிவித்து, பிப்ரவரி 1 அன்று சர்வர்களை அணைத்தது. பயனாளர்களுக்குக் கிடைத்தது ஒரு மாத அவகாசம்தான். 2024 மே மாதம் 'பிங் மேப்ஸ் ஃபார் என்டர்பிரைஸ்' சேவையின் முறை வந்தது. இலவசக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு 2025 ஜூன் 30 வரை, கட்டண உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 2028 ஜூன் 30 வரை என்று மைக்ரோசாஃப்ட் கெடு வைத்தது. அதன் பின் 'அஸூர் மேப்ஸ்' பக்கம் போகச் சொன்னது.

பிங் மேப்ஸ் அறிவிப்பு எக்செல்லில் லைன் போடுபவர்களை நேராகத் தாக்கியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குனேஷ் எர்டோவான் உருவாக்கிய 'விஆர்பி ஸ்ப்ரெட்ஷீட் சால்வர்' என்ற இலவச எக்செல் கோப்பு உலகெங்கும் சிறு விநியோகஸ்தர்களிடமும் வகுப்பறைகளிலும் புழங்குகிறது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளியானது. சுமார் 200 வாடிக்கையாளர்கள் வரை அந்தக் கோப்பு தாங்கும். முகவரியை அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றவும், இரண்டு இடங்களுக்கு இடையே சாலைத் தூரமும் நேரமும் வாங்கவும் அது பிங் மேப்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் அந்தக் கோப்பை வைத்திருக்கலாம். உங்கள் ஊர்க் கணக்காளர் செய்து கொடுத்த ஷீட்டாகவும் இருக்கலாம். இரண்டிலும் உறுப்புகள் ஒன்றுதான்.

வரைபடச் சேவை உங்களுக்குத் தந்துகொண்டிருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, ஒவ்வொரு கடையும் பூமியில் எங்கே இருக்கிறது என்ற இரண்டு எண்கள். இன்னொன்று, எந்தக் கடையிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற பட்டியல். எந்த வண்டி எந்தக் கடைக்கு, எந்த வரிசையில் என்று முடிவு செய்தது ஷீட்தான். மேலே சொன்ன சால்வரில் அந்த வேலையைச் செய்யும் மேக்ரோ உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது, யாரும் அதை அணைக்க முடியாது. ஆகவே ஷீட்டையே தூக்கிப்போட்டு மாதச் சந்தா மென்பொருள் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். மாற்ற வேண்டியது அந்த இரண்டு எண் கூட்டங்களின் பிறப்பிடத்தை மட்டுமே.

கடையின் இடம் உங்கள் சொத்தாக இருக்கட்டும்

முதல் வேலை இது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அடுத்த சேவை மூடப்படும்போது பாதி வலி குறைந்துவிடும்.

பலருடைய ஷீட்டில் முகவரி மட்டும் இருக்கும். ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் அது சேவையிடம் போய் "இது எங்கே?" என்று கேட்கும். கடை நகரப் போவதில்லை, கேள்வியைத் தினமும் கேட்பானேன்? கடைப் பட்டியலில் அட்சரேகைக்கு ஒரு நெடுவரிசை, தீர்க்கரேகைக்கு ஒரு நெடுவரிசை போட்டு, எண்ணாகவே எழுதிவைத்துவிடுங்கள். ஃபார்முலா கூடாது.

அந்த எண்களைப் பழைய சேவையிலிருந்தே நகலெடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் நிபந்தனைகளைப் படியுங்கள். கட்டணச் சேவைகள் பலவும் தாம் தந்த ஆயங்களை, அதாவது இந்த அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, சேமித்துவைக்க வரம்பு வைத்திருக்கின்றன. கூகுள் மேப்ஸ் நிபந்தனைப்படி அவற்றை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இந்தத் தடை இல்லை. அதன் முகவரித் தேடலான 'நாமினாட்டிம்' தரும் எண்ணை, மூலத்தைக் குறிப்பிட்டுச் சேமித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பொதுச் சர்வரில் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக் கூடாது, மொத்தமாகக் கொட்டவும் கூடாது.

என் அனுபவத்தில் இந்த இரண்டையும்விட நல்ல வழி உங்களிடமே இருக்கிறது. நம் கடை முகவரிகள் எப்படி இருக்கின்றன? 'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து', 'பழைய ரைஸ் மில் பின்புறம்'. இதை எந்தச் சேவையிடம் கொடுத்தாலும் தெருவின் நடுவையோ ஊரின் நடுவையோ காட்டிவிட்டுப் போய்விடும். டிரைவரோ கடை வாசலில் தினமும் நிற்கிறார். சரக்கு இறக்கும் இடத்தில் நின்று கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திறந்தவெளியில் கைபேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். ஓடு, கட்டடம் நெருங்கிய சந்தில் கொஞ்சம் பிசகும், அங்கே சந்து முனையில் எடுக்கலாம். ஒரு லைன் சுற்றி முடிக்கும்போது அந்த லைன் கடைகள் அத்தனையும் உங்கள் கையில் இருக்கும். அவை நீங்களே அளந்த எண்கள், எந்த நிறுவனத்தின் நிபந்தனையும் அவற்றின் மேல் கிடையாது.

தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டருக்கும் மேல்கூடப் பிசகலாம், அந்த நூறு மீட்டரில் ரயில்வே கேட்டின் அந்தப் பக்கம் போய்விடலாம்.

எழுதும்போது அடிக்கடி நடக்கும் தவறு அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. தமிழ்நாட்டில் அட்சரேகை 8க்கும் 14க்கும் நடுவில்தான், தீர்க்கரேகை 76க்கும் 81க்கும் நடுவில்தான். அந்த வரம்புக்கு வெளியே போனால் செல் சிவப்பாகும்படி நிபந்தனை வண்ணம் போட்டுவிடுங்கள். சென்னையின் 13.08, 80.27 இடம் மாறினால் கடை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். சேவையைப் பொறுத்துக் கேட்கும் வரிசையும் மாறும் என்பதால் இந்தத் தவறுக்கு இரட்டை வாய்ப்பு. பிங் மேப்ஸ் அட்சரேகையை முதலில் வாங்கியது. கீழே சொல்லப்போகும் ஓஎஸ்ஆர்எம்மும், ஜியோஜேசான் முறையில் கேட்கும் சேவைகளும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும்.

தூரப் பட்டியலுக்கு மூன்று வாசல்

எத்தனை செல் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். 40 கடையும் ஒரு குடோனும் என்றால் 41 இடம், 41 பெருக்கல் 41, ஆக 1,681 செல். 150 கடை என்றால் 22,801. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றல்ல என்பதால் பாதியை மட்டும் வாங்கிச் சமாளிக்க முடியாது. ஒருவழிப் பாதையும், நடுத்திட்டு வெட்டில்லாத நான்குவழிச் சாலையும் உள்ள ஊரில் எதிர்க்கடைக்குப் போகவே இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். கட்டணச் சேவைகளில் விலை பெரும்பாலும் இந்தச் செல் எண்ணிக்கையை வைத்துத்தான், எத்தனை முறை கேட்டீர்கள் என்பதை வைத்து அல்ல. தினமும் முழுப் பட்டியலையும் புதிதாக வாங்கினால் பில் எகிறுவது அதனால்தான்.

முதல் வாசல், இன்னொரு கட்டணச் சேவை. அஸூர் மேப்ஸ், கூகுள், நம் நாட்டு மேப்மைஇந்தியா ஆகியவற்றில் தூரப் பட்டியல் கிடைக்கிறது. நேரப்படி நெரிசலையும் கணக்கில் எடுக்கும் வசதி வேண்டுமென்றால் இந்த வாசல்தான். பழைய ஃபார்முலாவில் சேவையின் இணைய முகவரியையும், சேவை தரும் கடவுச்சாவியான கீயையும் மட்டும் மாற்றினால் ஓடிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எக்செல்லின் 'வெப்சர்வீஸ்' ஃபார்முலா இணைய முகவரிக்குள் அடங்கும் கேள்வியை மட்டுமே அனுப்பும், அதுவும் 2,048 எழுத்துக்குள். அஸூரின் தூரப் பட்டியலோ கேள்வியைத் தனி உறையில் போட்டு அனுப்பச் சொல்கிறது. அதற்கு மேக்ரோ அல்லது எக்செல்லிலேயே உள்ள பவர் குவெரி வேண்டும். ஒரு நாள் வேலை, தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாசல், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் ஓடும் திறந்த மென்பொருள். ஓஎஸ்ஆர்எம், வல்ஹல்லா, ஓபன்ரூட்சர்வீஸ் மூன்றும் தூரப் பட்டியல் தரும். இதில் வல்ஹல்லா, மூடப்பட்ட அந்த மேப்சனுக்குள் பிறந்தது. சேவை போனது, மூல நிரல் திறந்ததாக இருந்ததால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நான் திறந்த மென்பொருள் பக்கம் சாய்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஓஎஸ்ஆர்எம்மின் பொதுச் சர்வர் சோதித்துப் பார்ப்பதற்கு, தினசரி வியாபாரத்துக்கு அல்ல. அலுவலகத்தில் ஒரு பழைய கணினி இருந்தால் 'ஜியோஃபாப்ரிக்' தளத்திலிருந்து தென்னிந்தியப் பகுதியின் சாலைத் தரவை இறக்கி, அதிலேயே ஓஎஸ்ஆர்எம்மை நிறுவிக்கொள்ளலாம். நினைவகம் தாராளமாக இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு 100 இடம் என்ற இயல்பு வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் பகுதி பகுதியாகக் கேளுங்கள். 151 இடத்தை நான்கு கூறாக்கினால் 16 கேள்வியில் முடியும்.

மூன்றாவது வாசலுக்கு இணையமே வேண்டாம். நேர்கோட்டுத் தூரத்தை ஷீட்டிலேயே கணக்கிட்டு, வளைவுக்காக ஒரு எண்ணால் பெருக்குவது. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கரேகை சென்னையில் சுமார் 108, மதுரையில் ஏறக்குறைய 110. இரண்டு கடைகளுக்கு இடையே அட்சரேகை வித்தியாசம் 0.03, தீர்க்கரேகை வித்தியாசம் 0.04 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அது வடக்கு தெற்காக 3.3 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 4.3 கிலோமீட்டர். இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுத்தால் நேர்கோட்டுத் தூரம் 5.4 சொச்சம். சாலை வளைவுக்கு 1.35 என்று எடுத்தால் 7.4 கிலோமீட்டர் ஆகிறது. பெருக்கும் எண் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் டிரிப் ஷீட்டில் எழுதியுள்ள மீட்டர் வாசிப்பிலிருந்து இருபது ஜோடிக் கடைகளை எடுத்து, உண்மைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துச் சராசரி எடுங்கள், அதுதான் உங்கள் எண். விஆர்பி சால்வரிலும் பறவை பறக்கும் தூரத்தை எடுத்துக்கொள்ளும் தெரிவு இருக்கிறது.

ஆறோ ரயில் பாதையோ ஊரை வெட்டிப் போனால் இந்த முறை ஏமாற்றும். அங்கே பாலத்துக்கு இந்தப் பக்கக் கடைகள் ஒரு லைன், அந்தப் பக்கக் கடைகள் ஒரு லைன் என்று முதலிலேயே பிரித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். முதலிரண்டு வாசலில் எது உங்களுக்கு அமைந்தாலும் இந்த மூன்றாவதை ஒரு தனி ஷீட்டாகத் தயாராக வைத்திருங்கள். ஒரு காலை எல்லாமே நின்றாலும் இதை வைத்து வண்டி கிளப்பலாம்.

ஒட்டும்போது அளவைப் பாருங்கள்

புதிய சேவையின் எண்ணைப் பழைய ஷீட்டில் ஒட்டும் இடத்தில்தான் வேலை கெடுகிறது. பிங் மேப்ஸின் தூரப் பட்டியல் கிலோமீட்டரிலும் நிமிடத்திலும் பேசியது. ஓஎஸ்ஆர்எம் மீட்டரிலும் நொடியிலும் பேசும். தூரத்தை 1,000ஆல் வகுப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். நேரம்தான் பிடிபடாது. எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1, ஒரு மணி நேரம் என்பது அதில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஷீட்டின் நேர நெடுவரிசை மணி:நிமிடம் என்ற வடிவில் இருந்தால் நொடியை 86,400ஆல் வகுத்துத்தான் ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினால் 900 நொடி 900 நாளாகிவிடும். சால்வர் ஒரு கடைக்கும் போக நேரமில்லை என்று சொல்லும், நீங்கள் வேறெங்கோ தவறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டியலின் வடிவமும் வேறு. சேவைகள் கட்டம் கட்டமாகத் தரும். சால்வரின் தூர ஷீட்டோ 'எங்கிருந்து, எங்கே, தூரம், நேரம்' என்று வரிவரியாகக் கேட்கும். பவர் குவெரியில் கட்டத்தை வரிகளாக விரிக்கும் கட்டளை இருக்கிறது. ஒட்டும்போது வேல்யூஸ் மட்டும் ஒட்டுங்கள். எந்தச் சேவையிலிருந்து, எந்தத் தேதியில் வாங்கியது என்று மேல் செல்லில் எழுதுங்கள்.

பாதை கிடைக்காத ஜோடிக்கு ஓஎஸ்ஆர்எம் எண் தராது, வெறுமையைத் தரும். வெற்றுச் செல்லை எக்செல் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். மறுபடி அந்தக் காலைப் பொழுது! அப்படிப்பட்ட செல்லில் 9,999 கிலோமீட்டர் என்று போடுங்கள். அப்போது சால்வர் அந்தப் பக்கம் போகாது, போனாலும் மொத்தத் தூரம் கண்ணில் அறையும்.

டிரைவரிடம் தருவதற்கு முன் நான் பார்ப்பவை இவை. ஒரே கடையிலிருந்து அதே கடைக்கு உள்ள செல் தவிர வேறெங்கும் பூஜ்யம் இருக்கக் கூடாது. எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று எண்ணும் ஒரு செல், அது இடங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இல்லாவிட்டால் அச்செடுக்க விடாத ஒரு எச்சரிக்கை, இரண்டையும் ஷீட்டிலேயே வைத்திருக்கிறேன். அடுத்து, சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பார்ப்பேன். நேர்கோட்டைவிடச் சாலை குறுகியதாக இருக்க வழியில்லை. விடை 1க்குக் கீழே வந்தால் ஆயம் தவறு, அல்லது சேவை கடையை வேறு சாலையில் ஒட்டிவைத்துவிட்டது. 3க்கு மேல் போனால் நடுத்திட்டோ ரயில் பாதையோ குறுக்கே இருக்கலாம், இல்லை கடை தவறான பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கலாம். கொடுத்த புள்ளிக்கும் தான் பிடித்துக்கொண்ட சாலைக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்பதையும் ஓஎஸ்ஆர்எம் சொல்லும். அது 50ஐத் தாண்டிய கடைகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து டிரைவரோடு உட்காருங்கள்.

நேரத்தை டிரைவரிடம் கேளுங்கள்

ஓஎஸ்ஆர்எம்முக்கு இன்றைய நெரிசல் தெரியாது. சாலையின் தரத்தையும் குறிக்கப்பட்ட வேகத்தையும் வைத்து, காலியான சாலையில் கார் ஓடுவதுபோல நேரம் சொல்லும். நம் வண்டியோ லோடு ஏற்றிய குட்டி யானை. பள்ளி விடும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அது எப்படி நகரும் என்று எந்தச் சர்வரையும்விட அதை ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் ஒவ்வொரு கடையிலும் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். உண்மையில் ஓடிய நேரத்தை ஷீட் சொன்ன நேரத்தால் வகுத்தால் பெருக்கும் எண் கிடைக்கும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மூன்று வைத்தாலே போதும்.

அந்தக் குறிப்பிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். பல லைன்களில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். பில் சரிபார்ப்பு, கலெக்‌ஷன், முதலாளி சாப்பிடப் போயிருப்பது எல்லாம் அதில் அடங்கும். கடைக்குக் கடை நிற்கும் நேரத்தைச் சரியாக எழுதினால் திட்டம் மேம்படும் அளவுக்கு, விலையுயர்ந்த தூரப் பட்டியல் வாங்கினாலும் மேம்படாது. சால்வரின் கடைப் பட்டியலிலேயே இதற்கென ஒரு நெடுவரிசை இருக்கிறது. பலர் எல்லாக் கடைக்கும் ஒரே எண்ணைப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு வாகனத்துக்குத் தடையுள்ள நேரம், சந்துக்குள் வண்டி திரும்பாத இடம், சந்தை கூடும் கிழமை ஆகியவை எந்தத் தூரப் பட்டியலிலும் வராது. கடையின் வரியிலேயே 'எத்தனை மணிக்குள்', 'எந்த வண்டி' என்று எழுதிவிடுங்கள். அவை உங்கள் ஷீட்டில் இருக்கும்வரை எந்தச் சேவையை மாற்றினாலும் கூடவே வரும்.

பழைய சேவைக்கு இன்னும் கெடு மிச்சம் இருந்தால் இரண்டு வாரம் பழைய திட்டத்தையும் புதிய திட்டத்தையும் சேர்த்தே அச்செடுங்கள். வண்டி பழையதன்படி போகட்டும். மாலை திரும்பி வந்ததும் புதிய தாளை டிரைவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் இது தப்பு என்று சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக வரும். வட்டங்களை ஒவ்வொன்றாக ஆயமா, தூரமா, நேரமா, நிபந்தனையா என்று பிரித்து ஷீட்டில் திருத்துங்கள். மூன்று நாள் தொடர்ந்து வட்டமில்லாமல் தாள் திரும்பி வந்த பிறகு பழைய சேவையின் கீயை ஷீட்டிலிருந்து நீக்கலாம்.